பூட்டுக்குப் போர்த்திய பொன்னாடை

காற்று வந்து கதவைச் சாத்திய நேரத்தில் நாகேந்திரன் முற்றத்து மூலையில் குந்தியிருந்து ஒரு வருக்கைப் பலாச்சக்கையைப் பிளந்துகொண்டிருந்தார். இடுப்பில் கட்டம்போட்ட சாரம், மேலே பனியன், முழங்கை வரை சக்கைப் பால்.

கதவுக்குள் 'கிர்ர்' என்றது. பிறகு 'டக்' என்று திடமாக ஒரு சத்தம்.

இத்தனை அழுத்தமான 'டக்'கை இந்த மூன்று மாதத்தில் அவர் கேட்டதே இல்லை. நேற்று தச்சன் குமாரதாஸ் வந்து இழைத்துக் கொடுத்துவிட்டுப் போன கைவேலை என்று நினைத்துப் பெருமைப்பட்டார். பெருமை அரை நிமிடம் நீடித்தது. அதற்குள் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அடுப்பில் வெல்லப் பாகு. சின்னத் தீ. சக்கைப் பிரதமன் பாயசத்துக்கு.

பிரதமன், பதினொரு மணிக்கு வரப்போகும் சப்-இன்ஸ்பெக்டருக்கு. இப்போது மணி ஒன்பதே முக்கால். சட்டை உள்ளே, வேட்டி உள்ளே, போன் உள்ளே. 'வீட்டுப் பூட்டும் விழிப்புணர்வும்' என்று அவரே எழுதி வைத்திருந்த பதினெட்டுப் பக்க உரையும் உள்ளே.

போன மாதம் ஒரே ராத்திரியில் பூதப்பாண்டியின் இந்தத் தெருவில் நான்கு வீடுகளில் திருடு போயிற்று. பக்கத்து வீட்டு முத்துக்கனிக்கு உருளியும் மிக்சியும் போயின. எதிர்வீட்டில் கேஸ் சிலிண்டரையே உருட்டிக்கொண்டு போயிருந்தான். தெருவில் முதலாவதாக நிற்பது நாகேந்திரனின் வீடு. அதை மட்டும் திருடன் தொடவில்லை. மறுநாளே குடியிருப்போர் பாதுகாப்புக் குழு உண்டாயிற்று. தலைவர் யார் என்பதில் போட்டி இல்லை. அந்த வரிசையில் பறிகொடுக்காதவர் ஒருத்தர்தானே இருந்தார்.

அதுவும் சாதாரண ஆள் இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கண்காணிப்பாளர். அவருடைய மேசை இழுப்பறைக்குள் போன கோப்பு எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது. பாதுகாப்பு உணர்வு என்றால் அது.

இன்றைக்கு அவருக்குப் பாராட்டு. அவர் வீட்டு வாசலிலேயே பந்தல், அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, சப்-இன்ஸ்பெக்டர் கையால் பொன்னாடை. அதற்கு முன்னால் பூட்டின் செயல்முறை விளக்கம்.

பூட்டு மூன்று மாதத்துக்கு முன்பு துபாயில் இருந்து மருமகன் கொண்டுவந்தது. சாவி வேண்டாம், விரல் போதும். கூடவே ஒரு தடித்த விளக்கப் புத்தகம் இருந்தது. கண்காணிப்பாளர் குறிப்பு எழுதுவார், வாசிக்கமாட்டார். தாமே திருப்புளி பிடித்து மாட்டினார். பெருவிரலை நாலு தடவை அழுத்தினார். நாலு தடவையும் உள்ளிருந்து ஒரு பெண்குரல் சீனமோ கொரியனோ ஏதோ ஒரு பாஷையில் இனிமையாக ஒரு வாக்கியம் சொன்னது. சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு முடிந்தது என்று தீர்மானித்தார்.

அன்றிலிருந்து தினமும் இதே சடங்கு. விரல் வைப்பார், அது பேசும், சிவப்பு எரியும், தோளால் கதவை ஒரு தள்ளுத் தள்ளுவார், உள்ளே போவார்.

"என்ன அண்ணாச்சி சொல்லுகு அது?" என்று தெருவில் கேட்டார்கள்.

"'வருக, வீட்டு உரிமையாளரே'ன்னு சொல்லுது."

"செவப்பு லைட்டு எதுக்கு?"

"பூட்டு விழிப்பா இருக்குன்னு அர்த்தம்."

பூட்டு வந்த கையோடு பழைய திண்டுக்கல் பூட்டைக் கழற்றி மோட்டார் ஷெட்டுக்கு அனுப்பினார். உள்பக்கத் தாழ்ப்பாளையும் பிடுங்கி எறிந்தார். விஞ்ஞானம் காவல் காக்கும்போது தாழ்ப்பாள் போடுவது பூட்டை அவமதிப்பது என்பது அவர் கொள்கை. அடுக்களை வாசலுக்கு இரும்புப் பட்டையும் மூன்று கொண்டியும் உள்ளே இருந்து போட்டார். மொட்டைமாடிக் கதவை ஆணி வைத்து அடித்தார். மனைவி பிச்சம்மாள் அதற்கு முந்தின வாரம்தான் மகள் அபிதாவின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அஞ்சுகிராமத்துக்குப் போயிருந்தாள். ஆகவே வீட்டில் தடுக்க ஆள் இல்லை.

ஒரே ஒரு குறை. அந்தத் தோள் தள்ளு. சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் கதவை முட்டித் தள்ளினால் மரியாதையாக இருக்காதே என்று நேற்று தச்சுவேலை குமாரதாஸைக் கூப்பிட்டு, "கதவு சட்டத்துல உரசுது, சரிபண்ணிரு" என்றார். குமாரதாஸ் அரை நாள் இழைத்தான், செதுக்கினான், போனான்.

நாகேந்திரன் எழுந்து, கையைச் சாரத்தில் துடைத்தார். சாரம் கையோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்துவிட்டுப் பெருவிரலைக் கண்ணாடியில் வைத்தார்.

அதே குரல். அதே வாக்கியம். அதே சிவப்பு. கதவு மட்டும் அசையவில்லை.

தோளால் முட்டினார். மலையை முட்டியது மாதிரி இருந்தது.

"என்ன அண்ணாச்சி, கதவோட மல்லுக்கட்டுதிய?" மதிலுக்கு மேலே முத்துக்கனியின் தலை.

"ஒண்ணுமில்ல முத்துக்கனி. விழாவுக்கு முன்ன ஒருக்கா பரிசோதிக்கேன்."

"சாரத்தோடயா?"

"பரிசோதனைக்கு வேட்டி வேணும்னு சட்டமா?"

முத்துக்கனி மூக்கை உறிஞ்சினாள். "பாகு மணம் வருகே. அப்ப அடுப்பு எரியுது, ஆளு வெளிய. நல்ல பரிசோதனைதான்."

மறைத்துப் பயனில்லை. நாகேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "விரல்ல சக்கப் பால் ஒட்டியிருக்கு. அதான் ஆள அடையாளம் தெரியல்ல அதுக்கு. யார்ட்டயும் சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்லுகேன்? பழைய பூட்டு இருந்தப்ப எனக்க வீட்டு ஆணியிலதான் ஒங்க மாத்துச் சாவி தொங்குச்சு. 'அண்டை வீட்டுல சாவி குடுக்கது ஆபத்து'ன்னு வாங்கிட்டுப் போனியள்லா?"

அது உரையின் நாலாம் பக்கம். இந்தப் பூட்டுக்கும் அவசரத்துக்கு என்று இரண்டு சாவி உண்டு. இரண்டும் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன.

"சக்கப் பாலுக்குத் தேங்கா எண்ணெய விட்டா வேற மருந்து உண்டுமா? இருங்க" என்று போனவள் ஒரு கிண்ணம் நிறைய எண்ணெயோடு வந்தாள். கையில் தேய்த்ததும் பால் திரண்டு உருண்டு வந்துவிட்டது. நாகேந்திரன் நிம்மதியாகப் பெருவிரலை வைத்தார். வழுக்கிக்கொண்டு கைப்பிடி வரை போயிற்று.

குரல். சிவப்பு.

"பூட்டும் காஞ்சு கெடக்கும், கொஞ்சம் குடிக்கட்டும்" என்று முத்துக்கனி மிச்ச எண்ணெயைக் கைப்பிடி இடுக்கில் கவிழ்த்தாள்.

"ஏட்டி! பூட்டுக்குள்ள தேங்கா எண்ணெய் விடப்படாது! தூசி புடிச்சு அடைச்சுக்கிடும். பென்சில் கரித்தூள்தான் போடணும். ஏழாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"ஏழாம் பக்கம் எங்க இருக்கு?"

"உள்ள."

"பென்சிலு?"

நாகேந்திரன் கதவைக் காட்டினார்.

எண்ணெய் போகச் சோப்புத்தூள் வந்தது. வைத்தார், சிவப்பு. சோப்புத்தூள் போதாமல் சாம்பல் வந்தது. வைத்தார், சிவப்பு. சாம்பலோடு தேங்காய்த் தும்பும் வந்தது. பாத்திரம் விளக்குகிற வேகத்தில் முத்துக்கனி அவருடைய பெருவிரலை விளக்கினாள். கடைசியில் அது தோல் சுரண்டிய சிறுகிழங்கு மாதிரி வெளுத்துப் பளபளத்தது. ரேகை என்று சொல்ல அதில் ஒரு கோடு இல்லை.

"இப்ப வைங்க. பச்சப்பிள்ளை விரல் மாதிரி இருக்கு."

வைத்தார். ஐந்தாவது தடவை. பூட்டு இந்தமுறை பேசவில்லை. அலறியது.

உரையின் பன்னிரண்டாம் பக்கத்தில் 'அரை கிலோமீட்டர் தூரம் கேட்கும் அபாய ஒலி' என்று எழுதியிருந்தார். அது பொய்யில்லை. கோயில் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றின. பந்தல்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வீடு வீடாகக் கதவு திறந்தது. விழாவுக்கு உடுத்துத் தயாராக இருந்தவர்கள் பட்டுச்சேலையும் பவுடருமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நாகேந்திரன் முத்துக்கனியின் போனைப் பிடுங்கி மனைவியை அழைத்தார்.

"பிச்சம்மா, அடுக்களை வாசல வெளிய இருந்து தொறக்க ஏதாவது வழி இருக்கா?"

"மூணு கொண்டி போட்டது நீங்க, வழி எனக்கா தெரியும்? அங்க என்ன சத்தம்?"

"விழா."

"எனக்க வெரலையும் பதிங்கன்னு போன்ல தலையால அடிச்சேன். 'ஒனக்கு மறதி, கண்ட எடத்துல வெரல வச்சிட்டு வருவ'ன்னு சொன்னிய. இப்ப யாருக்கு மறதி? பிள்ளை ஒறங்குகு, வைக்கேன்."

அவர் திரும்பியபோது தெரு முழுக்க நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. சைரன் தானாக ஓய்ந்திருந்தது. அறுபது பேரும் பனியனையும் சாரத்தையும் சாம்பலையும் எண்ணெயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தர் சிரிக்க வாயெடுத்தார்.

அந்த ஒரு வினாடியில் முப்பத்தோரு வருட அனுபவம் கை கொடுத்தது. மேலதிகாரி திடீர் ஆய்வுக்கு வந்தால், காணாமல்போன கோப்பைத் தேடுவதைக் கோப்புச் சீரமைப்பு வாரம் என்று சொல்லிச் சமாளித்தவர் அவர்.

"பெரியோர்களே, தாய்மார்களே!" என்றார். "செயல்முறை விளக்கம் ஆரம்பமாகிறது. இப்ப என்னையே ஒரு திருடன்னு வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கிட்டோம்" என்றது பின்வரிசை. "ரொம்பச் செரமமா இல்ல."

"திருடன் எப்படி வருவான்? சாரம் கட்டி வருவான். ஒடம்புல எண்ணெய் தேய்ச்சு வருவான். பிடிச்சா வழுக்கணும் பாருங்க. வந்து என்ன செய்யுவான்? விரல வைப்பான்." வைத்தார். சிவப்பு. "விட்டுதா?"

"விடல்ல!"

"தோளக் குடுத்து முட்டுவான்." முட்டினார். எலும்பு சத்தம் கேட்டது. "அசைஞ்சுதா?"

"இல்ல!"

"இதான் பூட்டு!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. அந்தக் கைதட்டலுக்குள்தான் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் ஆன்ட்ரூஸ் இறங்கினார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சார்! மேக்கப்லாம் போட்டு அசத்துதியளே! எத்தனையோ விழிப்புணர்வுக் கூட்டம் பாத்திருக்கேன். எல்லாரும் மைக்கப் புடிச்சுட்டு நிப்பாவ. திருடனாவே மாறி யாரும் நின்னதில்ல."

நாகேந்திரன் அடக்கமாகத் தலைகுனிந்தார். குனிந்தபோதுதான் கதவுக்குக் கீழே இடுக்கில் இருந்து வெளுப்பாக ஒன்று நெளிந்து வருவதைப் பார்த்தார்.

சப்-இன்ஸ்பெக்டரும் பார்த்தார். "உள்ள என்ன சார், புகையா?"

"அது... சாம்பிராணி."

"சாம்பிராணியில கரிஞ்ச வெல்லம் போடுவாவளா?"

புகை இப்போது ஜன்னல் வழியாகவும் வந்தது. கறுப்பாக. முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போயிற்று. பின்வரிசை தெருமுனைக்குப் போயிற்று.

"சிலிண்டர் உள்ளயா?" ஆன்ட்ரூஸின் குரல் மாறியிருந்தது. "வெளக்கம் போதும் சார். கதவத் தொறங்க."

"திருடனா நிக்கும்போது எப்படித் தொறக்க முடியும்?"

"அண்ணாச்சி!" முத்துக்கனி கத்தினாள். "வேஷத்தக் கலைங்க! வீடு எரியுது!"

நாகேந்திரன் திரும்பிப் பார்த்தார். கடைசி நாற்காலியருகே நின்றிருந்த குமாரதாஸைக் கண்ணால் கூப்பிட்டார். காதோரம் குனிந்து, "உடைச்சிரு" என்றார்.

குமாரதாஸ் கதவைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் கவலையோடு கொஞ்சம் தொழில் பெருமையும் தெரிந்தது. "லேசில ஒடையாது அண்ணாச்சி. நேத்து சட்டத்துத் துளைய அரை இஞ்சு தள்ளி வெட்டிக் குடுத்தேம்லா, பூட்டுக்க நாக்கு இப்ப முழுசா உள்ள எறங்கி நிக்கும். அதுக்கு முன்னன்னா நாக்கு துளையில ஏறவே..."

"வகுப்பு எடுக்காத! உடை!"

பந்தல்காரர்களின் கடப்பாரை இரண்டு வந்தன. குமாரதாஸ் ஒரு பக்கம், பந்தல்காரர் இரண்டு பேர் மறுபக்கம். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முத்துக்கனி கையில் கொடுத்துவிட்டுத் தாமும் பிடித்தார். நாகேந்திரனின் கல்யாணத்துக்கு முன்பே செய்த தேக்குக் கதவு. ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் சுளித்தது. எட்டாவது நெம்பலில் சட்டம் பிளந்தது. பதினோராவதில் கதவு, கீலைப் பிய்த்துக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு உள்பக்கமாய்ச் சாய்ந்தது.

முத்துக்கனிதான் தொப்பியோடு முதலில் பாய்ந்தாள். சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தாள். "தீ ஒண்ணும் இல்ல. பாகுதான் தார் ஆயிட்டு. உருளி அடியில ஓட்டை. அடுக்களைச் சுவருல ஒருபக்கம் வெள்ளை இல்ல."

எல்லாரும் நாகேந்திரனைப் பார்த்தார்கள். பனியன், சாரம், வெளுத்த பெருவிரல், கதவு இல்லாத வீடு. பாராட்டு விழா முடிந்தது, தலைவர் பதவி முடிந்தது, இனி இந்தத் தெருவில் பால் வாங்கப் போனாலும் பின்னால் சிரிப்புக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்தது. தலை தானாகத் தொங்கியது.

தொங்கிய தலைக்கு நேர் கீழே, பிளந்த மரத்துக்குள், அது கிடந்தது. கதவின் ஒரு துண்டும் சட்டத்தின் ஒரு துண்டும் பிரியாமல் சேர்ந்திருக்க, இரண்டையும் விடாமல் கவ்விப் பிடித்தபடி பூட்டு. சிவப்பு விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

நாகேந்திரன் அந்தத் துண்டைக் குழந்தையைப் போலத் தூக்கி உயர்த்தினார்.

"பாத்தியளா!" என்று கர்ஜித்தார். "நாலு ஆம்பிளைய. ரெண்டு கடப்பாரை. கதவு போச்சு! சட்டம் போச்சு! பூட்டு போச்சா?"

 முதலில் யாரோ தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். குமாரதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, தட்டுகிறவர்களோடு சேர்ந்து தானும் தட்டினான்.

ஆன்ட்ரூஸ் நெகிழ்ந்துவிட்டார். மைக்கைப் பிடித்தார். "வேற ஒருத்தர்னா வாயால சொல்லியிருப்பாரு. சார் தனக்க சொந்தக் கதவையே பலி குடுத்து நமக்குப் பாடம் நடத்தியிருக்காரு. ஒரே ராத்திரி நாலு வீட்டுல கை வச்சவன் இந்த வீட்ட மட்டும் ஏன் தொடல்ல? பதிலு இதா சார் கையில இருக்கு!"

எண்ணெய்ப் பனியன்மேல் பொன்னாடை விழுந்தது. முத்துக்கனிகூடத் தட்டினாள். நாகேந்திரன் பூட்டை மேசைமேல் வைத்து, அதன்மீது கை ஊன்றி நின்றார். கல்லில் செதுக்கலாம் போல ஒரு தோரணை. அஞ்சுகிராமத்துக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்.

"இன்னொரு சந்தோஷ சமாச்சாரம்" என்றார் ஆன்ட்ரூஸ். "ஆளு மாட்டிட்டான். முந்தாநாளு திற்பரப்பு அருவியில குளிச்சிட்டு நின்னவன அப்படியே தூக்கிட்டோம். எந்தெந்த வீடுன்னு அடையாளம் காட்டக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

அப்போதுதான் வந்து நின்ற இன்னொரு ஜீப்பில் இருந்து போலீஸ்காரர் ஒருவனை இறக்கினார். ஒல்லியாக, நரைத்த மீசையோடு, ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறவன் போன்ற முகம். அவன் முத்துக்கனி வீட்டைக் காட்டினான். எதிர்வீட்டைக் காட்டினான். மற்ற இரண்டையும் காட்டினான். பிறகு கதவில்லாமல் வாய் பிளந்து நின்ற நாகேந்திரன் வீட்டைப் பார்த்து, "அய்யோ, இத யாரு சாறே இப்படிச் செய்தது?" என்று மெய்யாகவே வருத்தப்பட்டான்.

"அத விடு." சப்-இன்ஸ்பெக்டர் மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டினார். "இந்த வீட்ட ஏன் தொடல்ல நீ? இந்தப் பூட்டப் பாத்து அரண்டுட்டல்லா? எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொல்லு."

நாகேந்திரன் பொன்னாடையைச் சரிசெய்து, பூட்டின்மேல் ஊன்றிய கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கண்ணாடியில் விரல் பட்டது. அந்தப் பெண்குரல் அதே இனிமையோடு அதே வாக்கியத்தைச் சொன்னது.

திருடன் துள்ளி இரண்டடி பின்னால் போனான். "சாறே, இந்தக் குரலுதான்! அண்ணைக்கு மொதல்ல வந்தது இந்த வீட்டுக்குத்தான். கை வச்சு ஒரு தள்ளுத் தள்ளுனதும் கதவு தெறந்துட்டு, இந்த அம்மா உள்ள இருந்து என்னமோ கேட்டாவ. ஆளு முழிச்சிருக்குன்னு பேடிச்சு, கதவப் பைய சாத்திட்டுப் போயிட்டேன்."